சந்தனம் பூசிய ஜாக்

மனித குலம் இதுவரை உருப்படியாகக் கண்டுபிடித்தவை மூன்று: நெருப்பு, சக்கரம், முனிராஜ் வாங்கி வந்த, மூன்று டன் வண்டியைத் தூக்கும் ஃப்ளோர் ஜாக். இதைச் சொன்னவர் முனிராஜ். சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஓசூர் கடையில் இரண்டு டன்னா மூன்று டன்னா என்று அரை நாள் ஆராய்ந்தார். இருந்த எல்லா ஜாக்கையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். கடைக்காரர் பெருமாள் பொறுமையாகச் சொன்னார்: "கூட ரெண்டு ஸ்டாண்டும் எடுத்துக்கங்க. ஏத்தினப்புறம் அடியில முட்டுக் குடுக்கணும்."

கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி முனிராஜ் பதில் சொன்னார்: "பயந்தாங்கொள்ளிதான் முட்டு வெப்பான். நமக்கு எதுக்குங்க?"

விஜயதசமி. காலை ஏழரை மணி. அந்த ஜாக் தூக்கி வைத்திருந்த பிக்கப் வண்டி, அடியில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்த மாரிசாமியின் நெஞ்சின் மேல் இறங்கியது. மாரிசாமி, முனிராஜின் தங்கை சுமலதாவின் கணவர்.

"டங்குனு ஒரு சத்தம் மேடம். அவ்ளோதான். அவரு கத்தக்கூட இல்ல." சுமலதா எஸ்.ஐ. சத்யப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரோ செஞ்சிருக்காங்க. இந்தக் காம்பவுண்டுக்குள்ளதான் இருக்காங்க."

சத்யப்ரியா வாசல் கேட்டைப் பார்த்தார். வண்டிக்கு இரண்டு முழம் முன்னால் இருந்தது. உள்பக்கம் பூட்டு. அக்கம்பக்கத்தினர் சுவரேறிக் குதித்து, வண்டியைத் தோளால் தூக்கி மாரிசாமியை இழுத்தெடுத்த பிறகுதான் அது திறக்கப்பட்டது. சம்பவ நேரத்தில் மாரிசாமியைத் தவிர உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். சுமலதா, முனிராஜ், பின் போர்ஷனில் குடியிருக்கும் தங்கமணி.

முனிராஜ் விசாரணையை ஏற்கனவே முடித்திருந்தார்.

"இவன்தான் மேடம். இந்த வண்டி நிக்கறதால இவன் பைக்க எடுக்க முடியலயாம். நேத்து சாயந்திரம் என்னா சொன்னான்னு கேளுங்க."

தங்கமணி திருநெல்வேலிப் பக்கம். இந்த மூக்கண்டப்பள்ளிக்கு வந்து நாலு வருஷம், ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

"என்ன சொன்னீங்க?"

"ஒருநா இந்த வண்டியக் கீழ தள்ளிருதேன்னு... கோவத்துல சொன்னேன் மேடம். சத்தியமா நான் தொடல. அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க!"

"நான் எதுக்குடா சொல்லணும்? ஜாக் வால்வத் திருகி விட்டதே நீதான். அதுக்குத்தான் மேடம், யாரும் ஜாக்கத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ரேகை இருக்கும்ல."

வாசலில் ஜீப்பின் கதவு திறந்தே இருந்தது. தெருவே அதைப் பார்த்தது, பிறகு தங்கமணியைப் பார்த்தது. யாரோ "வெளியூர்க்காரன்தானே" என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாரிசாமிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. சுமலதா சுவரோடு ஒட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

சத்யப்ரியா வண்டியின் பின்னால் குனிந்தார். முந்தின நாள் ஆயுத பூஜை. வண்டிக்கு மாலை, ஸ்பானருக்குப் பொட்டு, ஜாக்கின் தலையில், வண்டியைத் தாங்கும் அந்தக் கிண்ணம் நிறைய, சந்தனம், அதன் மேல் குங்குமம். மதில் ஓரமாக நான்கு கருங்கற்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். யாரையும் விட்டுவைக்கவில்லை.

கான்ஸ்டபிள் ராமப்பன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து முடித்ததும், சத்யப்ரியா ஜாக்கை வெளியே இழுத்து வரச் சொன்னார்.

"முனிராஜ், இந்த வால்வைத் திருகினா என்ன ஆகும்? நீங்களே காட்டுங்க."

இதற்காகவே பிறந்தவர் போல முனிராஜ் கைப்பிடியைப் பிடித்துத் திருகி, ஜாக்கின் தலையை அழுத்தினார். உஸ்ஸென்று ஜாக்கின் கை இறங்கித் தரையோடு படுத்தது.

"பார்த்தீங்களா மேடம்? இப்படித்தான் எறக்கியிருக்கான்!"

"பார்த்தேன். வால்வைத் திருகினா கை கீழ வந்துடும். இப்ப இழுத்துட்டு வர்ற வரைக்கும் எப்படி இருந்துச்சு?"

ராமப்பன் போனை நீட்டினார். படத்தில் ஜாக்கின் கை நிமிர்ந்தே இருந்தது.

முனிராஜ் போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"வால்வை யாரும் தொடல. ஜாக் இறங்கல. வண்டிதான் ஜாக்கை விட்டு நழுவியிருக்கு. அச்சுக்கு அடியில பாருங்க, குங்குமம் ஒரு சாண் நீளத்துக்கு இழுவியிருக்கு. பிடிச்சுக்க வேண்டிய கிண்ணத்துல சந்தனம். ஜாக்கோட சின்னச் சக்கரம் தரைக்கல் இடுக்குல மாட்டியிருக்கு, அதனால அது கூடவே உருளல. வண்டி மட்டும் முன்னால போயிருக்கு."

"எப்படிப் போகும் மேடம்? ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன்!"

"உங்க வண்டியில ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும்?"

"பின் சக்கரத்த."

"பின் சக்கரம் ரெண்டும் எங்க இருந்துச்சு?"

முனிராஜ் மெதுவாகத் தலையைத் தூக்கினார். காற்றில்தான் இருந்தன.

"தரையில நின்னது முன் சக்கரம் மட்டும். தண்ணி ஓடறதுக்காகத் தரை வாசல் கேட் பக்கம் சரிஞ்சிருக்கு. எப்பவும் சக்கரத்துக்குக் கல் வெச்சிருப்பீங்க. கல்லு இருந்த நாலு தடம் தரையில இன்னும் இருக்கு. அந்தக் கல்லு நேத்து பொட்டு வெச்சுக்கிட்டு மதிலோரம் போயிடுச்சு. எடுத்தது யாரு?"

சுமலதா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஜீப்பே தேவலாம்.

"அண்ணா. 'பூஜை போட்ட வண்டிக்கு முன்னால கல் வெச்சா தொழில் தடைபடும்'னு நீதானே எடுத்து வெச்ச? காலையில அவரு கல்லக் கேட்டப்ப, பயந்தாங்கொள்ளின்னு நீதானே சொன்ன?"

முனிராஜ் மதிலோரக் கற்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படி இருந்ததை மூக்கண்டப்பள்ளி அதுவரை கண்டதில்லை.

"கொல்ல நினைச்சு யாரும் செய்யல. ஆனா செஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு. தங்கமணி, நீங்க போகலாம். முனிராஜ், நீங்க ஜீப்ல ஏறுங்க. வாக்குமூலம் குடுக்கணும்."

தங்கமணி போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சுமலதாதான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாலையில் மாரிசாமி கண் திறந்தார். விலா எலும்பு மூன்று போயிருந்தது, உயிர் இருந்தது. முதலில் கேட்டது: "கல்லு வெச்சாச்சா?"

அடுத்த வாரம் முனிராஜ் ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கினார். பெருமாள் கடையில் அல்ல, கிருஷ்ணகிரி வரை போய். கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்ததை, தேங்காய் என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரு செருப்பு வண்டிக்கு அடியில் போய்விட்டது. வண்டி நாலு சக்கரத்திலும் சும்மா நின்றிருந்தது. ஜாக் பெட்டியில் இருந்தது.

முனிராஜ் தெருவை இரு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. மதிலோரத்திலிருந்து நான்கு கல்லையும் ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து சக்கரங்களுக்கு வைத்தார். கோணியைப் பிரித்து ஸ்டாண்டு இரண்டையும் அச்சுக்கு அடியில் நிறுத்தினார். வண்டியை ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

பிறகு எட்ட நின்று, ஒட்டடைக் கம்பால் செருப்பை இழுத்தார்.