ஏரித் தண்ணீரும் சோப்புத்தூளும்

"ஏங்க! சோறு தின்ற தட்ட ஏன் ஏரில விடுறீங்க?"

தமிழ்ச்செல்விக்குச் சுருக்கென்றது. மதகு மேல் நின்று, கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அப்படித்தான் அளப்பார்கள். சிதம்பரத்தில் ஆராய்ச்சி படிக்கிறவளைப் பார்த்துச் சோற்றுத் தட்டாம்!

"தெரியலன்னா கேக்கணும்..." என்று திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழே படகில் ஒருவன். அப்பப்பா, என்ன கண்கள்! அவன் பின்னால் ஏரி முழுக்கப் பனி, பனிக்குள்ளிருந்து நூறு நாரைகள் ஒன்றாய் எழுந்தன... எதைப் பார்ப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"கேட்டுட்டாப் போச்சு. ஏறுங்க மேடம், நடுவுலதான் ஆழம் ஜாஸ்தி" என்றான் ராஜ்கமல். புவனகிரிப் பக்கத்துக்காரன், அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவன். கரையோரம் கொஞ்சம் வயலும் உண்டு.

அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் அவன் படகுதான். தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களை அவனுடைய மோட்டார் கொட்டகையிலேயே வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் ஒரு சொட்டு ஏரி நீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். பச்சைச் சக்கரங்கள் சுழன்றன, கண்ணாடி ஊசிகள் மிதந்தன.

"யம்மாடி... ஒரு சொட்டுக்குள்ள இத்தன உசுரா? பொறந்ததுலேர்ந்து இது மேலதான் துடுப்பு போடுறேன், தெரியாமப் போச்சே!"

மைக்ராஸ்கோப்பை விட்டு அவன் கண்ணை எடுக்கவே இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இரண்டு வாரத்தில் எல்லாம் கெட்டது. ஐந்து இடத்தில் எடுத்த தண்ணீரிலும் பாஸ்பேட் எக்கச்சக்கம். உரமும் சோப்பும் கலந்தால் ஏறுகிற சத்து அது. ஏறினால் பாசி மண்டி மீன் மூச்சு முட்டிச் சாகும். ஊராட்சியில் அதை அவள் சொன்னதுதான் தாமதம், கடலூர் மீன் வியாபாரிகள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

"எங்க ஏரியக் கெட்டதுன்னு சொல்லிட்டீங்க. இனிமே படகு கேக்காதீங்க." முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்குப் போயும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்கால் வாயிலும் நடு ஏரியிலும் ஒரே அளவா? எப்படி இருக்கும்? அடுத்த வியாழன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தாள். கொட்டகையில் ராஜ்கமல் குத்துக்காலிட்டு அவள் பாட்டில்களைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்!

"இதென்ன பண்றீங்க? முன்னாடியும் இப்படித்தான் கழுவுனீங்களா?"

"ஆமா. கோவம் இருக்கு, அதுக்காக உங்க கையில பாசி புடிச்ச பாட்டிலக் குடுக்க முடியுமா?"

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சோப்புத்தூளிலேயே பாஸ்பேட் இருக்கிறதே! பாட்டிலை ஏரித் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அந்த ஐந்து இடத்திலும் எடுத்த அன்றைக்கு அவள் ஒருமுறைகூட அலசவில்லை. ஏன் மறந்தாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் தெரிந்ததும் அவன் பதறினான். "நான்தான் கெடுத்தேன்னு சொல்லிடுறேன் மேடம். உங்க படிப்பு..."

"வேணாம். தப்பு என்னுது."

புது பாட்டிலில் மறுபடி எடுத்தாள். ஏரி நன்றாக இருந்தது. வாய்க்கால் வாயில் மட்டும் உரம் ஏறியிருந்தது. அது ராஜ்கமல் வயலின் வடிகால். "மறைக்காதீங்க, சொல்லுங்க. உரத்த நான் கொறச்சுக்கிறேன்" என்றான்.

ஊராட்சியில் ஊரே கூடியிருந்தது. எழுந்து, பாட்டிலை அலசாத தன் தப்பு, வாய்க்கால் வாயில் ஏறிய உரம் இரண்டையும் சொன்னாள். தலைவர் கொளஞ்சியப்பன் விடவில்லை. "படிச்ச பொண்ணு, ஏம்மா அலசல?"

"கவனம் தப்பிடுச்சுங்க. மன்னிச்சிடுங்க."

மானம் போயிற்று. ஆனால் வியாபாரிகள் திரும்பி வந்தார்கள்.

தண்ணீர் எடுக்கும் கடைசி நாள், படகு நடு ஏரிக்கு வந்தபோது மழை பிடித்தது. ஏரி முழுக்க ஆயிரமாயிரம் நீர்ப்பூக்கள் குதித்தன.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "எவ்ளோ கறாரான ஆளு நீங்க. அன்னிக்குக் கவனம் எங்க போச்சு?"

ஊர் முன்னால் ஒப்புக்கொண்டாயிற்று. இவனிடம் மட்டும் என்ன வெட்கம்?

"எதிர்ல ஒருத்தர் துடுப்பு போட்டுக்கிட்டிருந்தாரு. அவரையே பாத்துக்கிட்டிருந்தேன்... இப்பவும் அதான் பண்றேன்."

ராஜ்கமல் துடுப்பைக் கீழே வைத்துவிட்டான். மழை கொட்டியது. கரைக்குத் திரும்பணும் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.