நீட்டிய கை

கார் செம்பாக்கம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஜெயஸ்ரீயின் மாமியார் சுந்தரவல்லி ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றாள். ஐதராபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு யாரும் ஆரத்தி எடுப்பதில்லை. ஆனால் விமானம் இறங்க வந்து, இறங்காமல் இரண்டு தடவை மேலே ஏறிவிட்டது என்று மோகன்ராஜ் மீனம்பாக்கத்திலிருந்தே போன் செய்து அம்மாவைப் பயமுறுத்தியிருந்தான்.

"யாரை வேண்டிக்கினேடா?" என்று கேட்டுக்கொண்டே அவள் மகனின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"வேற யாரை? நம்ம பூவாடைக்காரியத்தான்."

"அதானே பாத்தேன். தையலு கைவுட மாட்டா. இன்னா நேந்துக்கினே?"

மோகன்ராஜ் ஷூவின் முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமானான்.

"பட்டுப்புடவைம்மா."

பின்னால் பையோடு நின்ற ஜெயஸ்ரீ புருஷனின் பிடரியையே பார்த்தாள். அவன் சொன்னது பொய் என்று அந்த வாசலில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில், பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது வழக்கம். இந்த வீட்டின் பூவாடைக்காரி தையல்நாயகி, மோகன்ராஜின் மூத்த சம்சாரம். அவனுக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் கையை விரித்த சமயம் அது. அவன் கண் திறந்த காலையில் அவள் கழனிக் கிணற்றில் மிதந்தாள். தன் உயிரைக் கொடுத்துப் புருஷனைக் காப்பாற்றினாள் என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. கல்யாணமான முதல் நாளே சுந்தரவல்லி ஜெயஸ்ரீயைப் பூஜை அறையில் நிறுத்தி, "பொண்ணுன்னா இவ பொண்ணு" என்று அந்தக் கதையைச் சொன்னாள். ஜெயஸ்ரீயும் நம்பினாள். வாரம் தவறாமல் அக்கா என்று கூப்பிட்டு விளக்கேற்றினாள்.

சாயங்காலம் வரை வீட்டில் ஆள் மாற்றி ஆள். மோகன்ராஜ் பிளாட் போட்டு விற்கிறவன், பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு டம்ளர் காபிக்கும் விமானம் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஆடியது. கடைசியாக வந்தவர்களுக்கு இறக்கையில் தீப்பொறியே பறந்தது. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். எதைச் சேர்த்தாலும் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அவன் கவனமாக விட்டுவிட்டான்.

நடந்தது இதுதான். முதல் தடவை இறங்கும்போது ஜெயஸ்ரீக்குப் பயமே இல்லை. ஜன்னலில் மேகம் விலகி, நனைந்த மொட்டை மாடிகளும் பனைமரத் தலைகளும் தெரிந்தன. விமானத்தின் அடிவயிற்றில் சக்கரங்கள் இறங்கும் சத்தம். இதோ தரை என்று நினைத்த கணத்தில் இன்ஜின் அலறியது. விமானத்தின் மூக்கு மேலே தூக்க, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மேலே இருந்த பெட்டிகள் கடகடவென்று ஆடின. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை, சுற்றி வந்து மறுபடி இறங்குவோம், இது வழக்கமானதுதான் என்று பைலட்டின் குரல் சொன்னது. யாரோ கோவிந்தா என்றார்கள். ஒரு குழந்தை வீறிட்டது.

இரண்டாவது தடவை மேகத்துக்குள்ளேயே விமானம் திடுமென்று கீழே விழுந்தது. விளக்குகள் அணைந்தன. மறுபடி அந்த அலறல், மறுபடி ஏற்றம். ஜெயஸ்ரீ புருஷனின் கையை இறுகப் பிடித்தாள். அவனும் பிடித்தான். அப்பா, இவராவது பக்கத்தில் இருக்கிறாரே என்று ஒரு நிம்மதி வந்தது.

அப்போதுதான் அவன் உதடு அசைந்தது.

"தாயே, தையலு, என்னை வுட்டுடு. இதோ இவ இருக்கா. இவளை எடுத்துக்கோ."

பிடித்த கையை அவன் விடவில்லை. விட்டிருந்தால்கூடத் தேவலை. அதை அப்படியே தூக்கி, உள்ளங்கை மேலே தெரிய, இருட்டுக்குள் நீட்டினான். தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிறவன் கொடுப்பதுபோல் மரியாதையாக நீட்டினான்.

ஈரப் புடவை வாசனை வந்தது. கிணற்றுப் பாசியும் கசங்கிய மல்லிகையும் கலந்த வாசனை.

நீட்டிய கையை யாரோ தொட்டார்கள்.

சில்லென்ற விரல்கள். வளையல்கள் மெதுவாக உரசின. பிறகு விளக்கு வந்துவிட்டது. அடுத்த முயற்சியில் விமானம் பூப்போல இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். மோகன்ராஜும் தட்டினான்.

மறுநாள் அவன் அவளுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை. அந்தக் காபியைப் பார்த்ததும்தான் ஜெயஸ்ரீக்கு அழுகை முட்டியது.

"ஃப்ளைட்ல என்னங்க வேண்டிக்கிட்டீங்க?"

"அதான் புடவைன்னு சொன்னேனே."

"என் கையைப் பிடிச்சிக்கிட்டு என்னமோ சொன்னீங்க."

"இன்ஜின் போட்ட சத்தத்துல உனக்கு இன்னா கேட்டுச்சோ. தூங்கு ஜெயா, உடம்பு சரியில்ல உனக்கு." அவன் சிரித்தான். கண் மட்டும் அவள் கையிலேயே இருந்தது. பொருள் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

மத்தியானம் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது. படுத்திருந்த ஜெயஸ்ரீயின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

அதை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

இழுக்கவில்லை. சின்னப் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போவதுபோல், வா என்று மட்டும் ஒரு பிடி. எழுந்ததோ நடந்ததோ அவளுக்கு நினைவில்லை. உணர்வு வந்தபோது பின்கட்டில் நின்றிருந்தாள். தாழ்ப்பாளை அவள் விரலே பாதி நகர்த்தியிருந்தது. அந்தக் கதவுக்கு அப்பால்தான் பழைய கழனி. கிணற்றைத் தூர்த்து மனை போட்டு விற்று, மேலே வீடுகளும் வந்துவிட்டன. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

ஜெயஸ்ரீ கையை உதறிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். தன்னைக் கொடுத்தாகிவிட்டது, வாங்கிக்கொள்ள ஆளும் வந்தாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அடுத்த தடவை அந்தத் தாழ்ப்பாள் முழுசாகத் திறந்துவிடும்.

வெள்ளிக்கிழமை படையல். அரக்குப் பட்டுப்புடவை, மஞ்சள், வளையல், பந்து பந்தாக மல்லிகை, சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றையும் பூஜை அறையில் பரப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பூவாடைக்காரி வந்து தொட்டுவிட்டுப் போகும்வரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு திறந்தால் புடவை மடிப்பு லேசாகக் கலைந்திருக்கும், ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அதன்பின் அந்தப் புடவையை வீட்டு மருமகள் கட்டிக்கொள்வாள். கூடத்தில் உறவுக்காரப் பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மோகன்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். வெளியே வானம் கறுத்து, பகலிலேயே விளக்கு வேண்டியிருந்தது.

உள்ளே ஏதோ பொத்தென்று விழுந்தது.

பெண்கள் எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

சுந்தரவல்லி போய்க் கதவைத் திறந்தாள். புடவை படையலில் இல்லை. நிலைப்படியில் கிடந்தது. முறுக்கிப் பிழிந்து வீசியதுபோல் கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் ஒழுகி, கூடத்துப் பக்கம் ஓடி வந்தது. விளக்கு அணைந்து அறை இருட்டாக இருந்தது.

"புடவை வேணான்றா," என்றாள் சுந்தரவல்லி. "மோகனு, நீ நேந்துக்கினது இது இல்ல. இன்னா சொன்னே? வாய் தொறந்து சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான்.

"நான் சொல்றேன் அத்தே," என்றாள் ஜெயஸ்ரீ. இத்தனை பேர் முன்னால் தனக்கு இவ்வளவு தெளிவாகப் பேச வரும் என்று அவளே நினைக்கவில்லை. "என்னை வுட்டுடு, இவளை எடுத்துக்கோன்னு சொன்னாரு. என் கையைப் புடிச்சி நீட்டினாரு."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். மோகன்ராஜ் மறுக்க வாயெடுத்தான். அதற்குள் சுந்தரவல்லி மகனிடம் திரும்பினாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. பயம்தான் இருந்தது.

"மறுபடியுமாடா?" என்று முணுமுணுத்தாள்.

மறுபடியும்.

அந்த ஒரு வார்த்தையில் ஜெயஸ்ரீக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியும் இவன் இப்படித்தான் வேண்டிக்கொண்டிருக்கிறான். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். தையல்நாயகி உயிரைக் கொடுக்கவில்லை. அவளைக் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டு, அவளையே தெய்வமாக்கி, வாரா வாரம் ஜெயஸ்ரீயைக்கொண்டே விளக்கேற்றவும் வைத்திருக்கிறார்கள். எத்தனை வெள்ளிக்கிழமைகள் அந்தப் படத்தின் முன்னால் நின்று இந்த மனுஷனுக்காக ஆயுள் கேட்டிருப்பாள்!

"தெய்வத்துக்கிட்ட கேட்டு எம்புள்ள உசுரைக் காப்பாத்திக்கினோம், அது தப்பாடி?" என்றாள் சுந்தரவல்லி, யாரும் கேட்காமலேயே. "ஆம்பளப் புள்ள. நான் வேற இன்னா செய்றது?"

ஜெயஸ்ரீ ஈரப் புடவையைத் தாண்டி, பூஜை அறையின் இருட்டைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, அவரு சொன்னது செல்லாது. என் உசுரு அவரு சொத்து இல்ல, எடுத்துக் குடுக்க."



பிறகு உள்ளேயிருந்து, தொண்டையில் தண்ணீர் நின்ற குரலில், பதில் வந்தது.

"என் உசுரும் இல்ல."

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. முதலில் எழுந்து ஓடியவள் யாரென்று யாருக்கும் தெரியாது. வாசலில் செருப்புகள் மாறிப்போயின. ஜெயஸ்ரீ மட்டும் நிதானமாக ஒரு பையில் நான்கு துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு நடந்தாள். மோகன்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாதவன்போல், வலது கையை மட்டும் காற்றில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் தசரதனின் வீடு பல்லாவரத்தில், சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. தாம்பரத்தில் ரயிலேறி அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது சந்தைக் கடைக்காரர்கள் சாக்குப்படுதாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி வேலையிலிருந்து திரும்பவில்லை. அண்ணன் பால் வாங்க வெளியே போனான். ஜெயஸ்ரீ தனியாக முன்னறையில் உட்கார்ந்தாள். செல்போன் அடித்தது.

"ஜெயா." மோகன்ராஜ்தான். "பின்கட்டுல நிக்கறேன். எப்பிடி வந்தேன்னு தெரியல. என் கையை வுட மாட்டேன்றா. நீ சொன்னா கேப்பா. ஒரு வார்த்தை சொல்லு ஜெயா. உன் புருஷன் நான்."

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது உண்மை. அந்த இரக்கத்தின் அடியில், இருட்டுக்குள் தன் கையை நீட்டிய அவன் கையும் இருந்தது.

"உங்களை எடுத்துக்கச் சொல்ல எனக்கு மனசு வரல," என்றாள். "அக்காவை நிறுத்தச் சொல்லவும் மனசு வரல."

தாழ்ப்பாள் நகரும் ஓசை போனில் துல்லியமாகக் கேட்டது. அவன் அம்மா என்று கத்தினான். லைன் கட்டாகிவிட்டது.

செல்போனின் வெளிச்சம் அணைந்தது. காதிலிருந்து அதை எடுக்க மறந்து ஜெயஸ்ரீ அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தானாக ஓடியது. மீனம்பாக்கம் பக்கம் ஒரு விமானம் தாழ்ந்து, உறுமி, இறங்கி அடங்கியது.

அணைந்த போனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஜெயா," என்றது அந்தக் குரல், பிறந்த வீட்டுக்குப் போன தங்கையை விசாரிக்கும் அக்காவைப்போல. "நல்லபடியா வந்து சேந்தியா?"

விமானம் இறங்கிய நாளிலிருந்து இதை அவளிடம் யாருமே கேட்டிருக்கவில்லை.