தெருக்குத்து வீடு

காபி டம்ளரை மணிமாறன் மேசையில் வைத்த சத்தத்திலேயே சுந்தராம்பாளுக்குத் தெரிந்துவிட்டது, இன்று அழ வேண்டியிருக்கும் என்று. நல்லவேளை, சாம்பாருக்கு வெங்காயம் உரிக்க வேண்டியிருந்தது. அழுதாலும் பழி வெங்காயத்தின் மேல் போகும். அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒரு வாரமா கேக்கறேம்மா. வடக்குப் பாத்த வாசல், போர் தண்ணி, நாலு ரோட்டுக்குப் பக்கம்... ரீசேல் வேல்யூ நிக்கும். நாளைக்கே வித்தாலும் கொத்திக்கிட்டுப் போவாங்க. அத வேணாங்கற! போயும் போயும் அந்தத் தெருக்குத்து வூட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிறியே!”

இந்த அரியலூர் வீட்டை விற்க முன்பணம் வாங்கியாயிற்று. பெரம்பலூரில், மகன் வீட்டுக்கு அருகிலேயே சின்னதாக ஒன்று வாங்க வேண்டும். புரோக்கர் தங்கராசு இரண்டு வீடுகளைக் காட்டினார். ஒன்று, மூன்று சந்து திரும்பிப் போனால் வருகிற வடக்கு வாசல் வீடு. இன்னொன்று, பிரதான சாலையிலிருந்து தெரு நேராக ஓடிவந்து வாசலிலேயே முட்டி நிற்கிற வீடு. அப்படிப்பட்ட தெருக்குத்து வீட்டில் குடியிருந்தால் ஆகாது என்று யாரும் அதைச் சீந்துவதில்லை. தோஷத்துக்காக வாசல் சுவரில் ஒரு சின்னப் பிள்ளையாரைப் பதித்திருந்தார்கள். அவரும் பல வருடமாக வாங்க ஆள் வராத முகத்தோடுதான் இருந்தார்.

“அத்தை, நாளைக்கு விக்கணும்னா அத ஒருத்தரும் கேக்க மாட்டாங்க” என்றாள் மருமகள் சிந்து, மெதுவாக.

“நாளைக்குன்னா என்னிக்கும்மா? நாங்க ரெண்டு பேரும் போனப்புறந்தான?”

சிந்து காபி டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டாள். மணிமாறன் விடவில்லை.

“எனக்குத் தெரியும்மா! அது வெல கம்மி. மிச்சத்தத் தா.பழூருக்கு, அக்காவுக்குத் தள்ளி வுடலாம்னு பாக்கற. நேராச் சொல்லிட்டுப் போயேன்!”

வெங்காயம் கையிலிருந்து நழுவி உருண்டது. மகள் வெற்றிச்செல்வி இதுவரை ஒரு சேலை கேட்டவள் இல்லை. சொல்லிவிடலாம்... ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் வாயடைத்துப் போவான். ஆனால் கூடத்தில் அவள் கணவர் முருகையன் உட்கார்ந்திருக்கிறாரே!

“ஆமாண்டா, அப்படியே வச்சிக்க” என்று குனிந்துகொண்டாள்.

இந்தக் கூடம் ஒரு காலத்தில் பதினோரு பேரைத் தாங்கியது. மாமனார், மாமியார், மூன்று கொழுந்தன்மார்... ஒவ்வொருத்தனுக்கும் இங்கேதான் பந்தல் போட்டு, இங்கேதான் தாம்பூலம் மாற்றினார்கள். பிறகு ஒவ்வொருத்தனாகத் தனிக்குடித்தனம் போனான். முருகையன் அப்போது செந்துறை பஸ்ஸில் கண்டக்டர். கடைசி நடை முடிந்து வரும்போது தெருமுனையில் ஒரு விசில் ஊதுவார். அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். மணிமாறன் ஓடிப்போய்த் தோல்பையைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “எறங்கு, எறங்கு” என்று அப்பாவையே விரட்டுவான். அவர் வாசலில் நின்று, “வூடு வந்துட்டுதா சார்?” என்று பவ்யமாகக் கேட்பார். வீடே சிரிக்கும். கல்லில் தோசை கருகிப்போகும். கருகியதைத் தின்பது யார் என்பதில் அந்த வீட்டில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

“மாறா.”

முருகையன் கூடத்திலிருந்து எழுந்து வந்திருந்தார்.

“ஏங்க, நீங்க போய் ஒக்காருங்க” என்று பதறினாள் சுந்தராம்பாள்.

“நீ சும்மா இரு. டேய், ஒங்கம்மாவ வையாத. அவ அந்த வூட்டக் கேட்டது எனக்காவ.” அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “போன மாசம் பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்திருந்தேன். எந்த பஸ் எங்க போவுதுன்னு எல்லாம் தெரியுது. ஆண்டிமடம் போறவனுக்கு வழி சொல்லி ஏத்திவுட்டேன். நம்ம வூடு எந்தப் பக்கம்னு மட்டும் தெரியல... நான் போயி யாரக் கேப்பேன்? வெக்கமா இருந்துச்சு. பூக்காரப் பாப்பாத்தி பாத்துக் கூட்டியாந்து வுட்டுச்சு.”

“அப்பா...”

“அது மொத தடவயும் இல்ல. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இவகிட்ட நாந்தான் சத்தியம் வாங்குனேன்.”

சிந்து மாமனாரின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சுந்தராம்பாளுக்கு இப்போது வெங்காயத்தின் துணை தேவைப்படவில்லை.

“அந்தத் தெருவுல திரும்பறதுக்கு எடமே இல்லடா... ரோட்டு முனை டீக்கடையிலேருந்து நேரா நடந்தா நம்ம வாசல்தான். தப்ப முடியாது. ஜன்னல்ல நின்னா அவரு போறதும் வரதும் கடசி வரைக்கும் தெரியுது. பின்னாடியே போனா கோவிச்சிக்குவாருல்ல... விக்கறதுக்கு அது ஆவாதுதான். எனக்கு வேற ஒண்ணும் தெரியலடா...”

மணிமாறன் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பையனைப் போல அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“அக்காவப் பத்திப் பேசுனப்பவாவது சொல்லியிருக்கலாம்ல... ஏம்மா வாங்கிக்கட்டிக்கிட்டே?”

“பேசுனது எம்புள்ளதான... போவுது வுடு. அவரு மானத்த அப்படி வுட முடியுமாடா?”

“வூட்டுக்கு மட்டுமா, எனக்குந்தான் ரீசேல் வேல்யூ இல்ல” என்றார் முருகையன். “ஒங்கம்மா இன்னும் வச்சிக்கிட்டுத்தான இருக்கா?”

மணிமாறன் அழுகையும் சிரிப்புமாகத் தங்கராசுக்குப் போன் போட்டான். “அண்ணே, அந்தத் தெருக்குத்து வூட்டையே முடிங்க... விக்கறப்ப கஷ்டம்னு தெரியும்ணே. இருக்கத்தான் வாங்கறோம்.”

ஆவணி மாதம் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். சாயங்காலம் முருகையன் டீ குடித்துவிட்டு வருவதாகத் தனியாகக் கிளம்பினார். சுந்தராம்பாள் ஜன்னலில் நின்றாள். மகனும் மருமகளும் அவள் பின்னால் நின்றார்கள். வெகுநேரம் கழித்துச் சாலையோரத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. இடையில் ஒரு முறை நின்றது. மணிமாறன் செருப்பைத் தேடினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வெள்ளைச் சட்டை நடக்க ஆரம்பித்தது. தெரு அவரை மெதுவாக அழைத்து வந்து வாசலில் விட்டது.

அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். முருகையன் வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தார்.

“இது யாரு வூடுங்க?” என்றார் சிரித்தபடி.

அது வேடிக்கையா, இல்லையா... அவள் கேட்கவில்லை. “நம்ம வூடுதாங்க. உள்ள வாங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.