சம்மதம் சொன்ன குரல்

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்து போய்ப் பார்த்தார். குழாய் இறுக மூடியிருந்தது, தொட்டியில் பொட்டு ஈரமில்லை. ஆனாலும் சொட்டுகிற சத்தம் காதுக்குள் விடாமல் கேட்டது. கூடவே பாத்திரம் கவிழ்த்துவைக்கும் சத்தம், பிறகு ஓர் இருமல். அது அவருடைய இருமல். நேற்று இருமியது.

காது கேட்கும் கருவியை வெளியூரில் வேலை பார்க்கும் மகள்தான் வாங்கி அனுப்பியிருந்தாள். போன் வந்தால் அதிலேயே பேசலாம். ரிட்டயர் ஆகி, கணவரும் போய், தனியாகக் கிடந்தவருக்குப் பெரிய துணையாகத்தான் இருந்தது, இன்று சாயங்காலம் வரை.

படுக்கையறைக்குள் நுழைந்தார். அலமாரியிலிருந்து பூச்சி உருண்டையின் நெடி மெல்லக் கசிய, ஜன்னல் திரையின் நிழல் சுவரில் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்க, காதுக்குள் ஒரு பெண் விசும்பினாள். "அவகிட்ட நான் நல்லா பேசியிருக்கலாங்க. எனக்குத்தான் வாய் வரல."

மகளை நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கணவரின் படத்திடம் மட்டும் அவரே சொன்ன வார்த்தைகள்.

கம்பெனிக்குப் போன் போட்டார்.

"தம்பி, நான் தனியா பேசினதெல்லாம் இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"சேவையை மேம்படுத்தறதுக்காகச் சேமிக்கிறோம் மேடம். நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்களே."

"நானா? எப்போ?"

"பதிவு இருக்கு, கேளுங்க." காதுக்குள் பதிவு ஓடியது.

"சரி. எனக்குச் சம்மதம்."

அவர் குரலேதான். 'சரி' என்றது பால் போடுகிறவரிடம், அந்த அலுப்புகூட மாறவில்லை. 'எனக்குச் சம்மதம்' என்றது போன மாதம், மகள் தான் விரும்பியவனைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது. வேண்டாவெறுப்பாகச் சொன்னது.

"ரெண்டையும் ஒட்ட வெச்சிருக்கீங்க."

"உங்க குரல்தானே மேடம்," என்றான் அவன், பொறுமையாக.

கருவியைப் பிடுங்கி மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். காது அடைத்துப்போனது. வீடு முழுக்க மௌனம். வெளிச்சம் குறைந்தது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மேஜைமேல் போன் ஒளிர்ந்தது.

திரையில் மகளின் படம். அழைப்பு வரவில்லை. பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெகு நேரமாக.

அவர் கூப்பிடவே இல்லை.

டிராயரைத் திறந்தார். கருவியைக் காதில் வைத்தார்.

"உன்மேல எனக்குக் கோவமே இல்ல கண்ணு." அவர் குரல். அவருக்கு ஒருநாளும் வராத கனிவு.

மகள் அழுதாள். "இதை ஒரு தடவையாவது சொல்ல மாட்டியான்னு ஏங்கிட்டு இருந்தேம்மா."

"அது நான் இல்லடி." டீச்சர் கத்தினார். "போனை வை. நான் இங்க இருக்கேன்."

மகள் அழுகையை நிறுத்தினாள்.

"அம்மா, அங்க யாரோ கத்துறாங்களே?"

"யாருமில்ல கண்ணு," என்றது டீச்சரின் குரல். "டிவி. நீ சொல்லு."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். சொல்லத் தொடங்கினாள்.