காவலுக்கு வந்தவர்கள்

மாடிப்படியை ஒட்டிய சுவர் கதகதப்பாக இருந்தது. பாத்திரம் கழுவிய கையை ஏப்ரனில் துடைத்தபடி படியேறப் போன போர்கில்ட், வழக்கம்போல அந்தப் பலகைச் சுவரில் உள்ளங்கையை ஊன்றினாள். ஊன்றியவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். மாடியில் ஹீட்டர் ஓடவில்லை. புழுக்கம் தாங்கவில்லை என்று கணவன் ஹால்வார் அதை அணைக்கச் சொல்லி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. வெளியே கரைப் பாறைகளில் கடல்நீரே உறைந்து கிடக்கும் குளிர், ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்திலும் பனி பூத்திருந்தது. சுவர் மட்டும் காய்ச்சல்காரனின் முதுகு போலச் சுட்டது. காதை வைத்துப் பார்த்தாள். மரம் மெல்ல முறுக்கிக்கொள்ளும் சத்தம். அதற்கும் பின்னால், ஊறிய துணியை யாரோ நிதானமாகப் பிழிவது போல ஒரு சத்தம்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம்தான். ஆனாலும் இருட்டு. டிசம்பரில், துருவத்தை ஒட்டிய அந்தத் தீவில் சூரியன் தலைகாட்டுவதில்லை. கடலுக்கு மேலே கொஞ்ச நேரம் நீலம் கசிந்துவிட்டு அதுவும் அடங்கிவிடும்.

ஹால்வார் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் ஓடுகிற படகில் எஞ்சின் பார்த்தவன். இலையுதிர்காலத்தில் ஒரு காலை, பூட்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு ஏன் பொருந்தவில்லை என்று அவளிடம் கேட்டான். மூளையில் கட்டி. நகரத்து ஆஸ்பத்திரியில் திறந்து, எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டி ஒன்று சொன்னாள். எதையும் மென்று விழுங்கிப் பேசுகிறவள் இல்லை அவள்.

"அந்தக் கட்டிக்குள்ள இருக்கறது எல்லாமே கட்டியோட செல்லுன்னு நினைக்காதீங்க. சில பேருக்குப் பாதி வரைக்கும்கூட அவங்க சொந்தக் காவல் செல்தான் இருக்கும். எங்கேயோ காயம் பட்டிருக்குன்னு ஓடி வருதுங்க. வந்ததைக் கட்டி தன் பக்கம் இழுத்துக்குது. அப்புறம் அதுங்களே அதுக்குச் சாப்பாடு போட்டு வளர்க்குதுங்க. அழற்சி, வீக்கம், எல்லாம் அந்தக் கூட்டத்தாலதான். மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

வீக்கத்தை அடக்கும் அந்த மாத்திரைகளைத் தினமும் கொடுக்கிற பொறுப்பு டூரிட்டினுடையது. போர்கில்ட் கேட்டுக்கொண்டதால் நகராட்சி அனுப்பும் செவிலி. வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வருவாள், ஹால்வாரை அதட்டுவாள், காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவாள். இந்த வாரம் அவள் சத்தம் போடவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் காப்பி ஆறிப்போகும் வரை இறங்குவதில்லை. இன்று இறங்கி வந்தவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு மெல்லிய மினுமினுப்போடு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பை வாளியில் மீன்தோலுக்கு அடியில் மாத்திரை அட்டைகள் கிடந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. போர்கில்ட் அவற்றை எடுத்து மேசையில் போட்டாள்.

"அவங்களுக்கு அது ஒத்துக்கல," என்றாள் டூரிட்.

யாருக்கு என்று போர்கில்ட் கேட்டாள்.

"அவங்களுக்குத்தான்." டூரிட் சிரித்தாள். "நீங்க போய்ப் படுங்க. ரொம்பக் களைச்சுட்டீங்க."

போர்கில்ட் மேலே போனாள். அறையில் காற்று கனத்திருந்தது. வெந்த பாலும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை. விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான் ஹால்வார். தையல் போட்ட பக்கம் மண்டை மேடிட்டு, தோல் இழுபட்டு, நெருப்பருகே வைத்த மெழுகு போலப் பளபளத்தது. அவன் தலைக்கு நேர் பின்னால் சுவர்ப் பலகைகளும் அதே மாதிரி வெளியே உப்பியிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னாள்.

"போய்?" என்றான் அவன். "மறுபடியும் எங்களை அடக்கி வைக்கவா? மருந்து வாங்கி வாங்கி நாள் முழுக்க எங்க வாயைப் பொத்தி வச்சியே, அது போதாதா?"

"எங்களைன்னா யாரு, ஹால்வார்?"

அவன் திரும்பினான். ஒரு கண் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதற்குள் எதுவோ இடம் மாறி உட்கார்ந்தது.

"முதல்ல எல்லாரும் உன்னை மாதிரிதான் வந்தாங்க. எங்களைத் தீர்த்துக்கட்டத்தான் வந்தாங்க. பாவம், நல்ல பசங்க." உதட்டைச் சுழித்தான். "உன்னைத்தான் எங்களுக்குப் பிடிக்கவே இல்ல. எப்பவும் பிடிச்சதில்ல."

இருபது வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவன். அவள் கதவைச் சாத்தாமலே இறங்கி வந்து அண்ணன் ஒட்வாருக்குப் போன் செய்தாள்.

ஒட்வார் மீன்பிடிப் படகு வைத்திருப்பவன், வாசலையே அடைத்து நிற்கிற ஆள், ஹால்வாரை அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்லித்தான் படியேறினான். மேலே அவன் கத்துவது கேட்டது. ஹால்வாரின் வசவு கேட்டது. ஏதோ உடைந்தது. பிறகு இருவரில் ஒருவர் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருந்தார். மற்றவர் குழந்தை போல "உம்... உம்..." என்றார்.

ஒட்வார் இறங்கி வந்தபோது மேல்சட்டையைக் கழற்றியிருந்தான். நெஞ்சு சிவந்திருந்தது. அவளைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய், உறைபெட்டியைத் திறந்து, கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த ஆட்டுவிலாவையும் வெண்ணெய்க் கட்டிகளையும் மார்போடு அணைத்து எடுத்தான்.

"பசிக்குது," என்றான். "பாவம், எவ்வளவு நாளா பட்டினி."

அவளுடைய கார்ச் சாவியையும் எடுத்துக்கொண்டான். அவன் பின்னால் டூரிட்டும் மாடி ஏறினாள். பச்சை இறைச்சியைப் பிய்க்கும் சத்தம் மச்சுப் பலகை வழியாகக் கேட்டது.

போர்கில்ட் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு ஆம்புலன்ஸை அழைத்தாள். அழைத்த பிறகுதான், தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான், டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடி வருதுங்க. வந்ததை இழுத்துக்குது. டூரிட்டை வரவழைத்தது அவள். ஒட்வாரை வரவழைத்தது அவள். இப்போது இன்னும் இரண்டு பேர்.

நீல விளக்கு பனியில் சுழன்றபடி வந்தது. ஓர் ஆணும் இளம்பெண் ஒருத்தியும், தோளில் பைகளோடு. போர்கில்ட் படியின் குறுக்கே கைகளை விரித்து நின்றாள். மேலே போகாதீங்க, திரும்பிப் போயிடுங்க, தயவுசெய்து போயிடுங்க என்று கெஞ்சினாள். அந்தப் பெண் அவள் தோளைப் பரிவோடு பிடித்து ஒதுக்கினாள். இந்த நிலைமையில் வீட்டுக்காரர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று தன் கூட்டாளியிடம் மெதுவாகச் சொன்னாள். காலடிகள். கதவு. அந்தப் பெண்ணின் குரல், என்ன நடக்கிறது இங்கே என்று. ஒரே ஒரு அலறல், பாதியில் நின்றது.

பிறகு தாழ்ந்த குரல்.

பிறகு இன்னும் இரண்டு வாய்கள் மெல்லும் சத்தம்.

சுவர் அசைந்தது. அவள் கண்ணால் பார்த்தாள். பலகைகள் உள்ளிழுத்தன. விட்டன. ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்துப் படியில் உருண்டன. இடுக்குகளில் ஈரம் கசிந்தது. சிவப்பு. சூடு. வெந்த பால் வாடை.

மேலே ஐந்து பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டார்கள்.

நீல விளக்கைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வந்தார்கள். பேக்கரிக்காரரும் மனைவியும். எதிர்வீட்டு ஆசிரியை, கையில் மீன் சூப்புச் சட்டி. நீ தனியாக அல்லாடாதே, நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். அவள் அடித்தாள். கடித்தாள். பேக்கரிக்காரரின் கன்னத்தில் நகம் கிழித்தது. அவர்கள் கோபிக்கவில்லை. பனி ஒட்டிய பூட்ஸுகளைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, சட்டியோடு, ஒருவர் பின் ஒருவராக, மேலே போனார்கள்.

அவள் போனை வாசற்படிக் கல்லில் அறைந்து உடைத்தாள். இனி யாரையும் கூப்பிடக் கூடாது. யாரையும்.

"போர்கில்ட்." மாடியிலிருந்து. ஹால்வாரின் குரல், டூரிட்டின் குரல், அண்ணனின் குரல். எல்லாம் ஒன்றாக. இப்போது அதில் வெறுப்பு இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "மேல வா. நாம சாப்பிடலாம்."

அவள் வெறுங்காலோடு வெளியே ஓடினாள். பனி காலைக் கத்தியாக அறுத்தது. கரைவரை ஓடி, வழுக்கி விழுந்து, எழுந்து, திரும்பிப் பார்த்தாள். வீட்டின் மாடி ஒரு பக்கமாகப் புடைத்துத் தெருவின்மேல் சாய்ந்திருந்தது. கூரைப் பனி உருகி ஆவியாகப் போனது. ஜன்னலில் முகங்கள் நெருக்கியடித்து நின்று, அவளுக்குப் பின்னால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளும் திரும்பினாள்.

எதிர்க்கரை முழுக்க விளக்குகள். மலைப்பாதையில் கார்கள், கடல்முனையைச் சுற்றி மீன்படகுகள், ஹால்வார் எஞ்சின் பார்த்த பெரிய படகும் அவற்றின் நடுவே. யாரும் கூப்பிடாமலே, ஒலி எதுவும் எழுப்பாமல், அவசரமில்லாமல், எல்லாமே இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. முதலில் வந்த படகின் முகப்பில் ஒருவன் நின்றிருந்தான். இரு கைகளிலும், நிறைந்து வழிய, பச்சை மீனை ஏந்தியிருந்தான்.