முத்திரை விழாத உத்தரவுகள்

க்ளோதில்தின் கட்டைவிரலில் மை ஒட்டியது. இருநூறு வருடத்து உத்தரவுத் தாள். மை ஈரமாக இருந்தது.

காப்-ஆய்சியன் நகரில் நோட்டரி லாவோவின் மாடியறை அது. மதியம் மூன்று மணி. தகரக் கூரையின் அனலும் பழைய காகிதத்தின் புளித்த வாசனையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. அதைவிட அதிகமாக அடைத்தது காலையில் விழுங்கிய கோபம்.

நாடு விடுதலையான பிறகும், அனுமதிச் சீட்டில்லாமல் கரும்புத் தோட்டத்தைத் தாண்டிய கூலிகளைக் கட்டி இழுத்துவரச் சொன்ன உத்தரவுகள் அவள் முன்னிருந்த பெட்டியில் இருந்தவை. பட்டியலில் ஏற்றி 'முடிந்தது' என்று முத்திரை குத்தினால்தான் எந்தத் தாளும் காலாவதியாகும். அந்த அலுவலகத்தின் வழக்கம் அப்படி; அதைச் செய்யும் வேலை க்ளோதில்துக்கு.

"இந்த முப்பத்தொண்ண மட்டும் ஏத்தாத. கையெழுத்து எங்க பூட்டனுக்குப் பூட்டனோடது" என்று காலையில் சொல்லியிருந்தார் லாவோ.

"கட்டி இழுத்தவருக்கே வெக்கமில்ல. உங்களுக்கு என்னய்யா?"

"செத்தவங்க வந்து பென்ஷனா கேக்கப் போறாங்க? வேலை வேணுமா வேணாமா, அத சொல்லு."

வேண்டும். ஒன்பது வயது மகள் விதெலினுக்கு அவளைவிட்டால் யாருமில்லை. முப்பத்தொன்றையும் முத்திரையில்லாமல் பெட்டிக்குள் தள்ளினாள். லாவோ சாப்பிடப் போனதும், தன்மேலேயே பொங்கிய ஆத்திரம் தாளாமல் மறுபடி திறந்தாள்.

முப்பத்திரண்டு இருந்தன.

ஈரமாக இருந்தது கடைசித் தாள். அதே சாய்ந்த கையெழுத்து.

'க்ளோதில்தின் மகள் விதெலின். சீட்டு இல்லை. கட்டிக் கொண்டுவரவும்.'

காகிதத்தில் இறகுப் பேனா கீறும் சத்தம் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து. நிதானமாக, அலுவலகக் களைப்போடு.

முத்திரையை எடுத்தாள். குத்தினாள். பதியவில்லை. இன்னொரு தாள். பதியவில்லை. 'முடிந்தது' என்பதை ஈரம் ஒவ்வொரு எழுத்தாக விழுங்கியது.

"நாசமாப் போறவனே! செத்துமா உத்தரவு போடுற?"

கைபேசி அடித்தது.

"அம்மா, ரெண்டு பேர் வந்திருக்காங்க. என் சீட்டு எங்கன்னு கேக்குறாங்க."

"கதவத் திறக்காதடி! இதோ வந்துட்டேன்!"

"திறக்கலம்மா." குரல் இறங்கியது. "உள்ளதான் நிக்கிறாங்க."

"விதெலின்!"

கல்வீடுகள் நெருக்கியடித்த அவள் வீட்டுத் தெருவிலிருந்து, கைபேசி வழியாக, ஆளுயரக் கரும்புத் தோகைகள் விலகி விலகி மூடிக்கொள்ளும் ஓசை மட்டும் வந்துகொண்டே இருந்தது.