கேமரா எடுக்காத மூன்று ஃப்ரேம்கள்

சொன்னால் சிரிப்பீர்கள். செத்துப்போன ஒருத்தி மேல் எனக்குப் பொறாமை. வயிறு எரியும் என்பார்களே, அப்படியே எரியும்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்தப் பழைய காரை வீட்டுக்கு நான் வாழ வந்து மூன்று மாதம் ஆகிறது. முன் அறை என் கணவர் ஜெயகணேஷின் வீடியோ ஸ்டுடியோ. ஹால் சுவரில் மாலை போட்ட படத்தில் செல்வலட்சுமி. அவருடைய முதல் மனைவி, மூன்று வருடம் முன்பு காய்ச்சலில் போனவள். முதல் நாள் வாசற்படி தாண்டியபோது அவள் என்னைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. சாப்பிட்டாயா என்று கேட்பார். தலைவலி என்றால் மாத்திரை வாங்கி வருவார். முதல் இரண்டு மாதம் சிரிக்க மட்டும் செய்யவில்லை.

எனக்கென்று அவர் சிரித்தது ஒரே ஒரு தடவை. தாலி கட்டி முடித்து நிமிர்ந்தபோது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒரு விநாடி இருக்கும். அது கல்யாண வீடியோவில் இருந்தது. நானும் ஆறு வருடம் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் பார்த்தவள்தான். அந்த ஒரு விநாடியை நாலு விநாடியாக நீட்டி வைத்துக்கொண்டு, நினைத்தபோதெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அன்று மத்தியானம் அவர் ஆறுமுகநேரிக்கு ஒரு காதுகுத்து எடுக்கப் போயிருந்தார். அத்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நைட்டியோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வேகத்தை இருபத்தைந்து சதவீதத்துக்குக் குறைத்து ஓடவிட்டேன்.

வெட்டி வெட்டி ஓடியது. சிரிப்பு விரிவதற்குள் முகம் நின்றது, குதித்தது, மறுபடி நின்றது.

கம்ப்யூட்டர் தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருந்த கேஷை அழித்தேன். படத்தைப் புதிதாக உருவாக்கத் திரும்ப ரெண்டர் போட்டேன். அதே குதிப்பு. கிளிப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது, விநாடிக்கு இருபத்தைந்து ஃப்ரேமில் எடுத்திருக்கிறான். நாலு மடங்கு நீட்டினால் ஒவ்வொரு படமும் நாலு மடங்கு நேரம் அசையாமல் நிற்கத்தானே செய்யும்? எடுத்தவன் அவருடைய சிநேகிதன் அபிலாஷ். ஃபோன் போட்டேன்.

"ஏலே, தாலி கட்டுறதையாவது நூறு ஃப்ரேம்ல எடுத்திருக்கக் கூடாதா?"

"மைனி, ஸ்லோமோஷன் வேணும்னா முன்னாடியே சொல்லணும்லா? இப்ப என்ன, ஆப்டிகல் ஃப்ளோ போட்டுப் பாருங்க. இல்லாத ஃப்ரேமை அதுவே உண்டாக்கிக் குடுத்துரும்."

அவன் சொன்னது சரிதான். முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்து, நடுவில் அசைவு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து, புதுப் படங்களை அதுவே வரைந்துகொள்ளும். கேமரா எடுத்தது ஒன்று, அடுத்து கம்ப்யூட்டர் போட்டது மூன்று.

ரெண்டர் முடிந்தது. ஓடவிட்டேன். வழுவழுவென்று ஓடியது. அவர் நிமிர்ந்தார், சிரிப்பு மெல்ல மெல்ல விரிந்தது. ஆனால் என் சிவப்புப் பட்டில் மட்டும் ஏதோ மஞ்சளாகத் துடித்தது. நிறக் கோளாறு என்று நினைத்து ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன்.

முதல் ஃப்ரேம். சிவப்புப் பட்டு. நான்.

இரண்டாவது. கடுகு நிறச் சேலை, பச்சைக் கரை.

மூன்றாவது. கடுகு நிறம்.

நான்காவதும்.

ஐந்தாவது. சிவப்புப் பட்டு. நான்.

அந்தக் கடுகு நிறச் சேலை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் இரண்டாம் தாரமாக வருகிறவள் மூத்தவளுக்குச் சேலை வைத்துக் கும்பிட வேண்டும். படத்தின் முன் படைத்த சேலையைப் பிறகு புதுப்பெண் கட்டிக்கொண்டு விளக்கேற்ற வேண்டும். "ஏளா, ஒருவாட்டி கட்டிரு. அவ மனசு குளுந்துரும்," என்று சொல்லித்தான் அத்தை என் கையில் தந்தார். என் முகூர்த்தப் பட்டை எடுக்கக் கடைக்கு வராத மனுஷன், செத்தவளுக்குப் பிடித்த நிறத்தில் தானே போய்ச் சேலை எடுத்து வந்திருந்தார். எனக்கு எப்படி இருக்கும்? வீட்டில் யாரும் இல்லாதபோது கட்டி விளக்கேற்றிவிட்டேன் என்று அத்தையிடம் பொய் சொன்னேன். குலசேகரன்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போனபோது சேலையைக் கடலில் வீசினேன். அலை இரண்டு தடவை திருப்பிக் கொண்டுவந்தது. மூன்றாவது தடவை கல்லைக் கட்டி எறிந்தேன்.

ஃப்ரேமில் அந்தச் சேலை நனைந்திருந்தது. முந்தானை சொட்டிக்கொண்டிருந்தது. முன் படத்திலும் பின் படத்திலும் இல்லாத நிறத்தைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து எடுக்கும்?

ஏசி அறைக்குள் சகதி வாடை அடித்தது. கடல் வற்றும்போது கரையில் வருமே, அந்த வாடை.

முகத்தைப் பெரிதாக்கினேன்.

அவள்.

அவர் அவளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அவளோ நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஆத்திரம் வந்தது. "ஏளா, இந்த ஒரு செகண்டயும் எனக்கு விட மாட்டியா?" என்று வாய்விட்டுக் கத்தினேன். ஆப்டிகல் ஃப்ளோவை எடுத்தேன், கேஷை அழித்தேன். படம் மறுபடி வெட்டி வெட்டி ஓடியது. ஓடட்டும். அதில் இருப்பது நான் மட்டும்தான்.

பின்னால் கதவு திறந்தது. கேமரா பையோடு அவர் நின்றார்.

"நம்ம கல்யாணமா?" என்று குனிந்து திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது, குதித்தது, நின்றது.

"என்ன ஸ்மூத்தா ஓடுது," என்றார் மெதுவாக. "ஒரு இடத்துலகூட வெட்டல."

"இந்தச் சேலைய நீ கட்டி நான் பாக்கவே இல்லியேன்னு நெனச்சேன் பானு. உனக்கு நல்லாருக்கு."

"எந்தச் சேலைங்க?"

"இதான். இப்ப கட்டியிருக்கியே."

என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அதே சிரிப்பு. இரண்டு மாதமாக நான் காத்துக் கிடந்த சிரிப்பு. நிற்காமல், குதிக்காமல், நீளமாக.

குனிந்து பார்த்தேன். நீல நைட்டிதான். அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. கால்விரல் இடுக்கில் கடல் மணல்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும்.

"ஆமாங்க," என்றேன்.

அன்றிலிருந்து அவர் தினமும் சிரிக்கிறார். நானும் தினமும் காலையில் எழுந்ததும், கட்டிலில் எனக்கும் அவருக்கும் நடுவில் கிடக்கும் ஈர மணலைக் கூட்டி அள்ளுகிறேன்.